சைக்கிளுக்கு மூன்று அடுக்கு மாளிகை

உட்ரெக்ட், நெதர்லாந்து

அன்புள்ள சித்தப்பா,

சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

"கார் வாங்கிவிட்டானா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அண்ணன் மகன் சைக்கிள் வாங்கியிருக்கிறான். தெருவில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். இந்த நாட்டில் ஆட்கள் ஏறக்குறைய ஒரு கோடியே 80 லட்சம். சைக்கிள்களோ இரண்டு கோடிக்கு மேல். 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ருட்டே, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்தை விட்டுக் கிளம்பியது சைக்கிளில்தான். கட்சிக்காரர் யாரும் பின்னால் ஓடவில்லை.

உட்ரெக்ட் சென்ட்ரல்தான் நாட்டிலேயே கூட்டம் மிகுந்த ரயில் நிலையம். அதன் வாசல் சதுக்கத்துக்கு அடியில் சைக்கிளுக்கென்றே மூன்று அடுக்கில் ஸ்டாண்டு கட்டியிருக்கிறார்கள். 2017-ல் ஒரு பகுதி, 2019-ல் முழுவதும் திறந்தாயிற்று. 12,500 சைக்கிள் நிற்கும். உலகிலேயே பெரியது என்ற பெயரோடுதான் திறந்தார்கள். இறங்கி உருட்டும் வேலையே இல்லை; ஏறி உட்கார்ந்தபடியே உள்ளே போகலாம். ஒருவழிப் பாதை, சரிவு, வளைவு எல்லாம் உண்டு. எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று பலகையில் எண் ஒளிரும். முதல் 24 மணி நேரத்துக்குக் காசு கிடையாது. அதற்கு மேல் நாளுக்கு ஒரு யூரோவும் கொஞ்சம் சில்லறையும்.

கீழ்த்தட்டு நிரம்பிவிட்டால் மேல்தட்டு. அங்கேதான் வித்தை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் நீளமான தகரப் பள்ளம் ஒன்று சரிந்து இறங்கும். முன்சக்கரத்தை அதில் ஏற்றி, பின்சக்கரத்தையும் தூக்கி வைத்து, மொத்தத்தையும் ஒரே தள்ளாக மேலே தள்ள வேண்டும். காலை ஏழரை மணிக்கு, கோட்டு போட்ட பாட்டி ஒருவர் ஒரு கையில் காபிக் கோப்பையோடு இதைச் செய்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் நம்ம ஊர்ப் பொறியாளர்கள் இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மாலையில் வேறு சங்கடம்: பெரும்பாலும் கறுப்புச் சைக்கிள்களே என்பதால் தன்னுடையது எது என்று தேட வேண்டும். அதனால்தான் ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பூமாலை, சீட்டுக்குப் புள்ளி போட்ட உறை. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது அடையாள அட்டை.

இவ்வளவு மரியாதையும் வாசலோடு சரி. சைக்கிளை ரயிலுக்குள் ஏற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனி டிக்கெட். வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையிலும், மாலை 4 முதல் 6.30 வரையிலும் ஏற்றவே கூடாது. மடிக்கிற சைக்கிளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டால் மட்டும் எந்த நேரமும் இலவசம். டென்மார்க்கின் கோபன்ஹேகன்காரர்கள் வேறு கட்சி: அங்கே புறநகர் ரயிலில் 2010 முதல் முழு சைக்கிளும் இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சைக்கிள் பெட்டிக்குள் நின்றால் இரண்டு மூன்று ஆள் நிற்கும் இடம் போச்சு. ரயில் பயணிகளில் பத்துக்கு நான்கு பேருக்குக் குறையாமல் சைக்கிளில் வந்து இறங்கும் நாட்டில் அத்தனையையும் ஏற்றினால், ரயிலில் சைக்கிள்தான் போகும். ஆட்கள் நடைமேடையில் நிற்க வேண்டியதுதான். டச்சுக்காரர் கணக்கே சரி.

அப்படியானால் இறங்கிய ஊரில் என்ன செய்வது? அங்கேயும் ஒரு சைக்கிள்! அலுவலகத்தில் ஒருவர் வீட்டுப் பக்கம் பளபளப்பான வண்டியும், உட்ரெக்ட் ஸ்டாண்டில் துருப்பிடித்த பழசு ஒன்றும் வைத்திருக்கிறார். பெரிய வீடு, சின்ன வீடு மாதிரி. (சித்தி காதில் இதைப் போட வேண்டாம்.) நெடுநாள் போய்ப் பார்க்காமல் விட்டால் ஸ்டாண்டுக்காரர்கள் சின்ன வீட்டை அப்புறப்படுத்திவிடுவார்கள்.

இரண்டாவது சைக்கிள் இல்லாதவர்களுக்கு ரயில்வேயே வாடகைக்குக் கொடுக்கிறது. ஓவே-ஃபீட்ஸ் என்று பெயர். நீலமும் மஞ்சளுமாக நிலையத்துக்கு நிலையம் நிற்கும். முன்பே பதிவு செய்து வைத்த ரயில் அட்டையை நீட்டினால் போதும், வண்டி கையில். 2019-ல் மட்டும் 50 லட்சம் தடவைக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். எடுத்த நிலையத்திலேயே திருப்பி விட வேண்டும். வேறு ஊரில் விட்டால் தண்டம் உண்டு. இன்னொன்று, இதில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிரேக். நம்மூர்ப் பழக்கத்தில் சும்மா பின்னுக்குச் சுற்றினால் வண்டி சட்டென்று நிற்கும். பின்னால் வருகிறவர் டச்சு மொழியில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

ஸ்டாண்டு கட்டுவதில் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். சென்ட்ரல் நிலையத்து வாசலில் இருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அடியில் 7,000 சைக்கிளுக்கு இடம் கட்டி, பழையபடி தண்ணீரை விட்டு மூடிவிட்டார்கள். 2023 ஜனவரியில் திறந்தார்கள். செலவு சுமார் 6 கோடி யூரோ. ரூபாயில் பெருக்கிப் பார்த்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் வருவதானால் ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள். அந்த இரண்டு மாதமும் நெரிசல் நேரக் கட்டுப்பாடு கிடையாது. காலை எட்டு மணிக்கும் சைக்கிளை ரயிலில் ஏற்றலாம். அதற்கான டிக்கெட்டை உங்கள் அண்ணன் மகன் எடுத்துவிடுவான். மழைக் கோட்டு மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். இங்கே கோடையிலும் பெய்யும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்