அண்ணாச்சி கடையில் ஒரு சாம்பியன் பட்டம்

கேரளத்தின் கால்பந்துக் கிறுக்கை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்-அவுட்டின் உயரத்தைப் பார்த்தால் போதும். 2022 உலகக் கோப்பை நெருங்கியபோது கோழிக்கோட்டை அடுத்த புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸி 30 அடி உயரத்தில் எழுந்து நின்றார். பிரேசில் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நெய்மாருக்கு 40 அடி. ரொனால்டோ ஆட்கள் அதையும் தாண்டினார்கள். ஆறு தண்ணீரோடு ஓடுகிறதா என்று கேட்க நாதியில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்து மகிழ்ந்தது.

அதே ஆண்டு மே மாதம், அதே கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா பெண்கள் அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றிருந்தது. 11 ஆட்டம், 11 வெற்றி. அடித்த கோல் 66, வாங்கியது 4. அந்தப் பெண்களுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் 40 அடி கட்-அவுட் எங்கே என்று தேடினால், பாஸ்போர்ட் அளவுப் படம்கூட அகப்படாது.

அந்தக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். மனைவி மதுரைக்காரி. மகள் உள்ளூர்க் கல்லூரியில் படிக்கிறாள், கல்லூரி அணியில் லெஃப்ட் பேக். அண்ணாச்சியோ மரடோனா காலத்திலிருந்து அர்ஜென்டினா. மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று கேட்டால் "கிரவுண்டுல" என்பார்.

"அப்பா, கோகுலம் ஜெயிச்சிருச்சு" என்று ஒரு சாயங்காலம் மகள் கடைக்குள் ஓடிவந்தபோது அண்ணாச்சி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "எத்தனாவது சீட்டு மக்கா?"

அவரையும் குறை சொல்ல முடியாது. கோகுலம் என்ற பெயர் அவரைப் போன்றவர்களுக்குச் சீட்டு நிறுவனமாகத்தான் பழக்கம். 2017-இல் அந்தக் குழுமம் கால்பந்து அணி தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும், ஆண்கள் அணியை வைத்து. அந்த 2022 மே 14 அன்றுதான் ஆண்கள் கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்கை 2-1 என்று சாய்த்து இரண்டாவது முறையாகத் தொடர்ந்து ஐ-லீக் வென்றார்கள். பன்னிரண்டே நாளில் பெண்களும் அதையே செய்தார்கள். 2020-இல் பெங்களூரில் கிரிப்சா அணியை 3-2 என்று வென்றதற்குப் பிறகு அவர்களுக்கும் இது இரண்டாவது பட்டம். அந்த முதல் பட்டம் கிடைத்த தேதி பிப்ரவரி 14. காதலர் தினத்தில் கேரளத்துக்குக் கிடைத்த பரிசை எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

புவனேசுவரத்தில் நடந்த கடைசி ஆட்டத்தைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தே மகள் விளக்கினாள். கிராம்பு கோகுலம், ஏலக்காய் எதிரணி. ஏலக்காய் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து உருண்டு விழ, அண்ணாச்சிக்கு ஆட்டத்தைவிட அதில்தான் கவனம். "மிளகுல வெளையாடு மக்கா, வெல கொறவு" என்று கெஞ்சினார். (மிளகு எந்தக் காலத்தில் விலை குறைந்தது என்று கடைப்பையன் முணுமுணுத்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும்.)

எதிரணி எது என்று மகள் சொன்னதும்தான் வீட்டில் வினை வந்தது. சேது எஃப்.சி. ஊர் மதுரை.

சேதுவும் லேசுப்பட்ட அணி இல்லை. 2019-இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இதே பட்டத்தை மதுரைக்குக் கொண்டுபோனவர்கள். 2022-இல் கடைசி நாள்வரை கோகுலமும் சேதுவும் ஆளுக்குப் பத்து ஆட்டம் ஆடிப் பத்தையும் வென்றிருந்தன. எழுதி வைத்தாற்போல் பதினொன்றாவது ஆட்டத்தில் நேருக்கு நேர். கோல் வித்தியாசத்தில் முந்தியிருந்ததால் கோகுலத்துக்கு டிரா போதும். சேது ஜெயித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது நிமிடத்தில் சேதுவின் ரேணு கோல் போட்டார். "எங்க ஊருப் பிள்ளைகளப் பாத்தீகளா?" என்று சோற்றுத் தூக்கோடு வந்திருந்த அம்மா, முடிந்துபோன ஆட்டத்துக்குக் குலவை போடாத குறை. அந்தச் சந்தோஷம் பதினோரு நிமிடம் நிலைத்தது. கேப்டன் ஆஷாலதா தேவி பெனால்டியில் சமன் செய்தார். கானா நாட்டு எல்ஷதாய் அச்செம்போங் ஒன்று, பஞ்சாபின் மனீஷா கல்யாண் ஒன்று. இடைவேளைக்கு முன்பே 3-1, கடைசிவரை அதுவே.

அண்ணாச்சி தர்மசங்கடத்தில் மாட்டினார். கடை வாடகை கேரளத்தில், மாமியார் வீடு மதுரையில். யாருக்குக் கைதட்டினாலும் ஒரு பக்கம் பகை. கடைசியில் அவருக்குள் இருந்த வியாபாரி கைகொடுத்தார். "கோகுலம் சீட்டுக் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் எங்க? மெட்ராஸு, கோடம்பாக்கம். அப்பம் அதுவும் நம்ம டீம்தான்!" மதுரை தோற்கவில்லை, கோடம்பாக்கம் ஜெயித்தது என்று தீர்ப்பானது. அம்மா அன்று பேசாமல் தூக்கை வைத்துவிட்டுப் போனார். உள்ளே ரசம் மட்டும் இருந்தது.

தேசிய சாம்பியன்களின் அடுத்த கதைக்கு அண்ணாச்சியிடமும் சமாதானம் இல்லை. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக கோகுலம் பெண்கள் 2022 ஆகஸ்டில் தாஷ்கண்டில் போய் இறங்கினார்கள். அந்நேரம் பார்த்து ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்பது காரணம். நாற்காலியில் யார் உட்காருவது என்று டில்லியில் நடந்த வழக்குக்கு உஸ்பெகிஸ்தானில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அபராதம் கட்டினார்கள். 23-ஆம் தேதி ஒன்று, 26-ஆம் தேதி ஒன்று என்று ஆட வேண்டிய ஆட்டங்களில் பந்தைத் தொடாமலேயே ஊர் திரும்பினார்கள். தடை நீங்கிய தேதியையும் சொல்லியாக வேண்டும்: ஆகஸ்ட் 26.

இந்தியப் பெண்கள் கால்பந்தில் இப்படிப்பட்ட வேடிக்கை புதிதில்லை. 1980-இல் முடிந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் கோழிக்கோட்டில் நடந்தது. அதில் இந்தியா ஒன்றல்ல, இரண்டு அணிகளை இறக்கியது: 'இந்தியா எஸ்', 'இந்தியா என்'. ஆசியக் கோப்பைக்கு மேற்கு ஆஸ்திரேலியாவும் வந்து ஆடியது. ஒரு மாநிலம் கண்டம் விட்டுக் கண்டம் வந்து மோதியதைப் பற்றி யாருக்கும் உறுத்தவில்லை. இந்தியா எஸ் இறுதி ஆட்டம்வரை போய் சீன தைபேயிடம் 0-2 என்று தோற்றது. மகள் இதைச் சொன்னபோது அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு டீம் விட்டும் ஒண்ணுகூட ஜெயிக்கலியா?" என்றார்.

கல்லூரிக்காரிகள் கதையும் அவளிடம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார்கள். பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் பிறந்த ஊர் பம்பாய். அவர் இங்கேயே இருந்திருந்தால் எந்த மைதானத்துக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருப்பார் என்று அவள் அணியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

மைதானம் என்றால் திருவனந்தபுரத்துக்குப் பஞ்சமில்லை, உரிமைதான் சிக்கல். காரியவட்டம் ஸ்டேடியத்தில் 2016 ஜனவரியில் இந்திய ஆண்கள் ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைத் தூக்கினார்கள். மறு ஆண்டே அங்கே நியூசிலாந்தோடு கிரிக்கெட். மழையில் எட்டு ஓவர் ஆட்டம்தான் நடந்தது, ஆனாலும் கால்பந்து அன்றே வெளியே நிறுத்தப்பட்ட மாதிரிதான். ஆண்களுக்கே அந்த கதி.

அண்ணாச்சியின் வீட்டுச் சண்டை 2023-இல் சமரசமானது. அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் கோகுலம் பெங்களூரின் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என்று நசுக்கி மூன்றாவது பட்டத்தை எடுத்தது. கோல் போட்டவர்களில் சந்தியா ரங்கநாதனும் இந்துமதி கதிரேசனும் உண்டு. இருவரும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள், இருவருமே முன்பு மதுரை சேதுவுக்கு ஆடியவர்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பட்டப்பகலில் பறித்துக்கொண்டு போகும் வேலையை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் செய்கிறார் என்பதில் அண்ணாச்சிக்கு அலாதி திருப்தி. அடுத்த மாதமே அமிர்தசரஸில் தமிழ்நாடு அணி ஹரியானாவை 2-1 என்று வென்று தேசிய சீனியர் பட்டத்தையும் எடுத்தது. அம்மா அன்று பாயசம் வைத்தார். கேரளம், கோடம்பாக்கம், மதுரை என்று எல்லாத் தரப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு வண்டி வேறு தடத்துக்கு மாறிவிட்டது. 2022-இல் கோகுலத்தை வழிநடத்திய ஆண்டனி ஆண்ட்ரூஸ், 2024-25 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர். எல்ஷதாயும் அங்கேதான். பட்டமும் அங்கேயே போனது. கோகுலத்துக்கு இரண்டாம் இடம்.

மகளிர் லீக் ஆட்டங்களைக் காசில்லாமல் யூடியூபிலேயே பார்க்க முடிந்த பருவங்கள் இருந்திருக்கின்றன. அர்ஜென்டினாவுக்காக விடிய விடியக் கண்விழிப்பவர்கள், அடுத்த முறை மதுரையும் கோழிக்கோடும் மோதும்போது சாயங்காலம் தொண்ணூறு நிமிடம் ஒதுக்குங்கள். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று குழப்பம் வந்தால் சாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சியைக் கேட்டால் வழி சொல்வார்.