கறை நல்லது

வாட்ச் சாரிடம் மணி கேட்கக் கூடாது. கேட்டால் இடது கையைப் பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார். இடது கையில் இருப்பது அறுபதுகளின் சுவிஸ் சரக்கு. தினமும் கீ கொடுத்தாலும் ராத்திரிக்குள் ஏழெட்டு நிமிஷம் பின்தங்கிவிடும். "அதோட வயசுல நீங்க எப்படி ஓடறீங்கன்னு பார்க்கறேன்" என்பார்.

இந்த ரகத்து மனிதர் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உத்தியோகம், கடன் முடிந்த ஃபிளாட், வெளிநாட்டில் பிள்ளைகள். இந்த வயதில் சிலர் ஹோமியோபதி உருண்டை கொடுக்க ஆரம்பிப்பார்கள், சிலர் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர் ஆவார்கள். இவர் பழைய வாட்சில் இறங்கிவிட்டார். அதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. இவருடைய முழுநேரக் கவலை, பழைய மாடலின் ஜாடையில் வரும் புது வாட்சுகள். பெரிய சுவிஸ் கம்பெனிகள் தங்கள் அந்தக்கால மாடல்களைத் திரும்பப் போடலாமா கூடாதா என்று உலகம் ஒரு தீர்ப்புக்கு வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அவர் தீர்ப்பு ஏற்கெனவே தயார். கூடவே கூடாது. அவரிடம் இல்லாத மாடல்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

வாஷரோன் கான்ஸ்டான்டின் 1755-ல் தொடங்கிய கம்பெனி. 222 வருஷம் ஆனதைக் கொண்டாட 1977-ல் '222' என்றே ஒரு மாடல் போட்டது. பல வருஷமாக அதைத் திரும்ப எடுக்கவில்லை. அதுவரை வாட்ச் சார், "இவ்வளவு அழகான டிசைனைப் பூட்டி வச்சிருக்கானே, என்ன திமிர் பாருங்க!" என்று பொருமிக்கொண்டிருந்தார். 2022 மார்ச்சில் தங்கத்தில் வந்தது. விலையும் வந்தது. அன்று சாயங்காலமே கொள்கை மாறிவிட்டது. "37 மில்லிமீட்டர், அளவெல்லாம் அதேதான். ஆனா தேதிக் கட்டத்தை ஒரு நூல் உள்ளே தள்ளிட்டான், கவனிச்சீங்களா? போச்சு, ஆத்மாவே போச்சு." ஆத்மா எங்கே இருக்கிறது என்று சித்தர்கள் தேடிக் களைத்தார்கள். அது அந்த ஒரு நூலில் இருந்திருக்கிறது. 2025-ல் அதையே ஸ்டீலில் போட்டபோது இன்னும் மோசம்: "இனிமே கண்டவனும் கட்டிக்குவான்."

அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுபவர்கள் யோசித்துக் கூப்பிட வேண்டும். போன ஆவணியில் ஒரு ரிசப்ஷன். மேடைக்குப் போக நீண்ட வரிசை, பக்கத்தில் ஸ்பீக்கர் அலறல். மாப்பிள்ளை கை கொடுக்க நீட்டினார். வாட்ச் சார் கை குலுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மாமனார் போட்ட லாஞ்ஜின்ஸ் லெஜண்ட் டைவர். அறுபதுவாக்கில் கம்பெனி செய்த முக்குளி வாட்சின் சாயலில் 2007-ல் திரும்ப வந்தது.

"தம்பி, இது ரீ-இஷ்யூதானே?"

மாப்பிள்ளைக்கு 'ரீ' வரைதான் காதில் விழுந்தது. "ரிட்டர்ன் பண்ணணுமா அங்கிள்?"

"ஒரிஜினல் இல்லேல்ல, அதைக் கேட்கறேன்."

இது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. மாமனார் முகம் சுண்டிவிட்டது. "பில் இருக்குங்க, ஷோரூம்லதான் வாங்கினேன்" என்று பாக்கெட்டைத் துழாவினார். போட்டோகிராபர், "சார், மொய் கவரைக் கொடுத்துட்டுக் கேமராவைப் பாருங்க" என்று கெஞ்சினார். பந்தியில் சாம்பார் வருவதற்குள் மாப்பிள்ளைக்கு டூப்ளிகேட் வாட்ச் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி இரண்டு சம்பந்திகள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வாட்ச் சார் நிம்மதியாக இரண்டாவது ஜாங்கிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் புலம்பலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் சுவிட்சர்லாந்தின் வாட்ச் ஊர்கள் பாதி காலி. கீ கொடுக்கும் வாட்சுக்கு இனி எதிர்காலம் இல்லையென்று முதலாளிகள் நினைத்தார்கள். ஜெனித் கம்பெனியை அப்போது வைத்திருந்தவர்கள் அமெரிக்கர்கள். எல் ப்ரிமேரோ மிஷின் செய்வதை நிறுத்தச் சொன்னார்கள். அங்கே வேலை பார்த்த ஷார்ல் வெர்மோ, அச்சுகளையும் கருவிகளையும் குறிப்புகளையும் மாடிப் பரணில் மறைத்து வைத்தார். எண்பதுகளில் கம்பெனிக்குப் புத்தி வந்தபோது பரணிலிருந்து இறக்கியதை வைத்துத்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். வாட்ச் சார் இந்தக் கதையைச் சொல்லும்போது கண் கலங்கும். 2019-ல் அதே ஜெனித் தன் 1969 மாடலைப் பார்ட் பார்ட்டாக அளந்து திரும்பப் போட்டபோது அதே கண் சிவந்தது. வெர்மோ பரணில் ஒளித்தது மறுபடி செய்யட்டும் என்றுதானே சார் என்றேன். "அவர் ஒளிச்சது என்னை மாதிரி ஆளுக்கு" என்றார்.

கம்பெனிகளின் கணக்கு வேறு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போயிற்று. தாத்தா செய்து விற்ற பொருளை ஊரார் கை மாற்றிக் கோடி பார்க்கும்போது பேரன் சும்மா இருப்பானா? அதே வருஷம் ஒமேகா தன் 1957-ஆம் வருஷத்து மாடல்கள் மூன்றை மியூசியத்திலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்து, அளவு பிசகாமல் திரும்பப் போட்டது. ஒவ்வொன்றிலும் 3557. பிரைட்லிங் 1959 மாடலைத் திரும்பப் போட்டபோது எண்ணி 1959 மட்டும் செய்தது. இந்த எண் விளையாட்டு மட்டும் எனக்கும் எரிச்சல்தான். கி.மு. மாடல் ஏதாவது கிடைத்தால் எத்தனை செய்வார்கள்?

வாட்ச் சாரின் வீட்டம்மாவிடம் இதெல்லாம் செல்லாது. "கர்ணன் படத்தை 2012-ல சுத்தம் பண்ணித் திரும்ப விட்டப்போ முதல் நாளே போய் விசில் அடிச்சீங்களே, அது மட்டும் என்னவாம்? 64-ல பார்த்தவங்க யாராவது வந்து சண்டை போட்டாங்களா?" என்றார் ஒருநாள். சார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சிவாஜி ஒருத்தர்தானே" என்றார். எதற்கு என்ன பதில் என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

அந்த அம்மாவுக்கு வேறொரு பயமும் உண்டு, அதில் அர்த்தமும் உண்டு. சார் தன் வாட்சுகளைப் பிரித்து வைத்துப் பார்ப்பது சாப்பாட்டு மேஜையில். பழைய டயல்களில் இருட்டில் ஒளிர்வதற்காகத் தடவியது ரேடியம். ஒளிரும் ரசாயனம் எப்போதோ வெந்து பழுப்பாகி அணைந்துவிட்டது, ரேடியம் அணையவில்லை. அது பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். டயலிலிருந்து உதிரும் அந்தப் பொடி ரசத்தில் விழக் கூடாது என்பது அந்த அம்மாவின் ஒரே கோரிக்கை. சாருக்கோ அந்தப் பழுப்புதான் உயிர். இப்போது ரீ-இஷ்யூ போடுகிறவர்கள் புது ஒளிப்பூச்சிலேயே டீ கலரைக் கலந்து, பிறக்கும்போதே முதுமையைப் பூசி அனுப்புகிறார்கள். அங்கே நான் சார் கட்சி. அறுபது வருஷம் காத்திருந்து வர வேண்டிய பழுப்பை டப்பாவிலிருந்து தடவுவதில் ஏதோ கூசுகிறது.

திருவல்லிக்கேணி சந்து ஒன்றில் அவர் நம்பும் ஒரே ரிப்பேர்காரர் இருக்கிறார். பாயின் கடை, கதவைத் திறந்தால் உள்ளே நிற்க இடமில்லாத அளவு. ஒரு தடவை கூடப் போயிருந்தேன். சார் பட்டுத் துணியிலிருந்து ஒரு வாட்சை எடுத்து வைத்தார். கறுப்பு டயல் வெயிலிலும் ஈரத்திலும் வெந்து காப்பித்தூள் நிறமாகியிருந்தது. அந்தக் காலத்தில் கம்பெனி இதைப் பூச்சின் கோளாறு என்று மாற்றிக் கொடுத்திருக்கும். இன்று 'ட்ராபிக்கல்' என்று தனி விலை. பாய் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"மிஷின் நல்லாருக்கு. டயல்தான் போயிருச்சு. கழுவி, கறுப்பு அடிச்சு, எழுத்தும் போட்டுத் தந்துடறேன். முந்நூறு ரூபா."

சார் வாட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "பாய், தொடாதீங்க! இந்தக் கறைக்குத்தான் நான் நாற்பதாயிரம் சேர்த்துக் கொடுத்தேன்."

"கறைக்கா?"

"கறைக்குத்தான்."

பாய் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சாருடைய செல்போனில் வெகுகாலம் சாமி படம் இருந்த இடத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் இருந்தது. 1957 மாடல், டயல் முழுக்க அதே பழுப்பு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. "கோடி ரீ-இஷ்யூ வரட்டும், இந்த நேர்மை வருமா?" என்று அதைக் காட்டிக் கேட்பார். 2023-ல் குட்டு உடைந்தது. அது பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்துக் கட்டிய ஒட்டுவேலை. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் சம்பந்தம் உண்டு என்று ஒமேகாவே சொன்னது. ஏலத்தில் எடுத்ததும் ஒமேகாதான், தன் மியூசியத்துக்கு. சார் சில நாள் வாக்கிங் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "யோசிச்சுப் பார்த்தேன் சார். போலிதான், ஒத்துக்கறேன். ஆனா பார்ட்ஸ் பழசு பாருங்க. ரீ-இஷ்யூவுக்கு இது எவ்வளவோ மேல்." ஸ்கேன் எடுத்து, உள்ளதைச் சொல்லி, பில் போட்டு விற்றவன் அயோக்கியன், ஒட்டுப்போட்டு ஏலம் விட்டவனிடம் பாரம்பரியம்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் வாய் திறக்காத ஒரு வாட்ச் உண்டு. அவருடைய அப்பா கட்டியிருந்த ஃபேவர் லூபா. அறுபது, எழுபதுகளில் நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்ட பெயர் அது. அக்கா கல்யாணச் செலவில் கை மாறிப் போய்விட்டது. அதே மாடலைத் தேடி மும்பையிலிருந்து ஒன்றை வரவழைத்தார். பிரித்தால் கிளிப்பச்சை டயல், ஆரஞ்சு எண்கள். அங்கும் யாரோ ஒரு பாய் முந்நூறு ரூபாய்க்கு வேலையைக் காட்டியிருக்கிறார். "எங்கப்பா சட்டையிலகூட இந்தக் கலர் இருந்ததில்லை" என்று அதைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார்.

ஃபேவர் லூபாவை இப்போது வைத்திருப்பது ஒரு இந்தியக் கம்பெனி. 2024-ல் பழைய மாடல்களைத் திரும்பக் கொண்டுவந்தது, 1964-ன் டீப் புளூ உட்பட. இதைப் பற்றி வாட்ச் சாரின் கண்டனம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்திருந்தார். சித்திரை வெயிலிலும் பொத்தான் அவிழவில்லை.

என் பேட்டரி வாட்சுக்கு உயிர் கொடுக்கப் பாய் கடைக்குப் போனபோது சாரும் துணைக்கு வந்தார். பெஞ்சில் கை ஊன்றியதில் மணிக்கட்டு வெளியே தெரிந்துவிட்டது. பாய்க்குக் கண் சும்மா இருக்குமா? கையைப் பிடித்து இழுத்து லென்ஸைப் போட்டார்.

"அட, பேவர் லூபா! எந்த வருஷத்துது சார்?"

சார் என் பக்கம் பார்க்காமல், "அறுபத்து நாலு" என்றார்.

பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஒரு கறை இல்லை. உங்களுக்குத்தான் கறை பிடிக்குமே, வேணும்னா போட்டுத் தந்துடறேன். அதுவும் முந்நூறுதான்."