மணிமேகலையைக் காணோம்

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. மறுநாள் கிள்ளானில் படம் பார்த்துவிட்டு பதினோரு பேர் ஒரே வேனில் வடக்கே திரும்பினோம். புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடையில் இறங்கி, தே தாரிக் வருவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

"மணிமேகலையைக் காணோமே, எங்க போனா அவ?" கூட்டாளி மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். செம்பனை லாரி ஓட்டுகிற கை. பக்கத்து மேசை மைலோ சிந்தியது. மணிரத்னம் அவளையே தூக்கிவிட்டாராம். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியமும் போச்சு. கல்கியில் அரியணை ஏறுகிறவன் ஒருவன், படத்தில் வேறொருவன். "நம்ம வரலாற்றையே மாத்திட்டானுங்க அண்ணே!" தொண்டை கம்மியது.

வரலாறு இல்லைய்யா, தொடர்கதை என்றேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. மணிமேகலை கல்கியின் கற்பனையில் பிறந்த பெண். கதை முடிந்தபோது அன்றைய வாசகர்களே முடிவு போதாது என்று பிடித்துக்கொள்ள, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டிவந்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றார் கூட்டாளி.

படித்தவன் பக்கம். அவளுக்காக நானும் அழுதவன்தான். "நீ எத்தனை பாகம் படிச்ச?" என்று கேட்டேன். தே தாரிக்கை ஊதினார். வெகுநேரம் ஊதினார். பதினோரு பேரில் ஐந்து பாகமும் முடித்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற கிராணி. அவர்தான் ஒன்றும் பேசாமல் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து பாகம் கிடக்கட்டும். அந்தக் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெஸ்தாரி ஜெயா. நமக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. அந்தப் பக்கம் ஐந்து தோட்டம்: மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை சுமந்து தேய்ந்த குடும்பங்களுக்கு வீடு தருவதாகச் சொன்னார்கள். கல்கி மூன்றரை வருஷத்தில் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டார். இந்த ஐந்து தோட்டத்துக் கதை இருபது வருஷத்துக்கு மேல் 'தொடரும்' போட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் தே தாரிக் குடித்த அந்த ராத்திரிகூட வீடு எழும்பவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வந்தியத்தேவன் ஓலையோடு வந்து, மாலை போட்டுக்கொண்டு, குதிரை ஏறிப் போய்விடுவான். அதற்கு எந்த மேசையும் தட்டப்பட்டதாக ஞாபகம் இல்லை.

"நாமெல்லாம் கடாரம் வென்ற பரம்பரைண்ணே" என்றான் வேன் ஓட்டிய தம்பி. அப்படியா! ராஜேந்திரன் படை வந்தது 1025இல். உன் தாத்தா வந்தது ரஜூலா கப்பலின் மேல்தட்டில், ஆட்டுக்குப் பக்கத்தில், வாந்தியெடுத்துக்கொண்டு. அதே நாகப்பட்டினம்தான், மறுக்கவில்லை. ஆனால் ராஜேந்திரன் கடாரத்தை வென்றான்; நம் ஆளைக் கங்காணி வென்றான். அப்புறம் ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாய் லாரி அனுப்பி சயாமுக்கு அள்ளிக்கொண்டு போனான். 415 கிலோமீட்டர் தண்டவாளம், அதனடியில் நம் ஆட்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று அதை நாவலாகவே எழுதிவைத்தார். அதில் ஒரு வரி விட்டுப்போச்சே என்று எவன் தொண்டை கம்மியது?

கடாரத்துக்கே வருவோம். 2013இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், 11ஆம் எண் சண்டி என்னும் பழங்கோயிலை வீடு கட்ட வந்தவர்கள் மண்வாரி விட்டுத் தரைமட்டமாக்கினார்கள். ஆயிரம் வருஷத்துக் கல். திரையில் ஓட்டைக் கப்பல் கவிழ்ந்தால் குமுறுகிற சோழ வம்சம், நிஜக் கல் பெயர்ந்த அன்று எந்த மேசையில் பசியாறிக்கொண்டிருந்தது? ராஜராஜன் இந்துவா இல்லையா என்று 2022இல் தமிழ்நாட்டில் கிளம்பிய சண்டையை இங்கே இறக்குமதி செய்து ஒரு மாதம் உருட்டினோம். உள்ளூர்ச் சரக்குக்கு மட்டும் கிராக்கி இல்லை.

கடையை மூடினார்கள். வேன் ஏறினோம். கூட்டாளி முன்சீட்டில். தஞ்சோங் காராங் போகும் வழியில் ஒரு வளைவு. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது கிடங்கு, அதன் வேலிக்கு வெளியே தகரக் கொட்டகையில் மாரியம்மன், மஞ்சள் பல்பு ஒன்று.

"அங்கதான் எங்க லயம் இருந்துச்சு" என்று விரல் நீட்டினார் கூட்டாளி. பஸ் ஸ்டாப்பைக் காட்டுகிற மாதிரி. "அம்மா அந்த வீட்லதான் செத்தாங்க. ஒரு நாள்ல தள்ளிட்டானுங்க."

"கேக்கலையா?"

"யார்கிட்டண்ணே கேக்கிறது?"

வேனில் யாரும் பேசவில்லை. நானும்தான். கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"என்ன இருந்தாலும் மணிமேகலையை எடுத்திருக்கக் கூடாது."