ஊர்வகைத் தென்னை

கூடத்துச் சாவி எங்கள் பாட்டா கையில் இருந்தது. ஒரு சாண் நீள இரும்புச் சாவி. ராத்திரி படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்வார். இராஜாக்கமங்கலத்தில் அன்றைக்கு எங்கள் ஊர்க்கூடம் என்றால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம்தான். முன்னால் படிப்புரை, பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றிப் பதினான்கு மூடு தென்னை. அத்தனையும் ஊர்வகை.

கட்டடத்தை விடத் தென்னைதான் முக்கியம் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. நாற்பத்தைந்து நாளைக்கு ஒருதரம் வெட்டு நடக்கும். தேங்காயை முற்றத்தில் குவித்து, பாட்டா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்வார். “மக்கா, நூறுக்கு ஒரு ஓலைக்கீற்று எடுத்து வச்சிக்க. எண்ணம் தப்பப்பிடாது, ஊரு முதலாக்கும்.” பிறகு ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் இழுத்துச் சொல்லும்போது படிப்புரையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பணத்தில்தான் கோயில் கொடைக்கு முன்னால் வெள்ளையடிப்பு, விளக்குக்கு மண்ணெண்ணெய், கிணற்று வாளிக்குக் கயிறு, உடைந்த ஓட்டுக்குப் புது ஓடு. கல்யாண வீடுகளுக்கு ஊர்வகை வார்ப்பு, நிலவாய்ப் பாத்திரங்கள் வாடகைக்குப் போகும். அதுவும் கணக்கில் ஏறும். கூடம் கட்டத் தலைக்கட்டு வரி போட்டவர்கள், அதைக் காப்பாற்றும் செலவுக்குத் தென்னை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வரி போட்டுப் பொதுக்காரியம் செய்வது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான். நாகர்கோவில் மணிமேடையையே எடுத்துக்கொள்ளலாம். 1893 பிப்ரவரியில் திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்தது. செலவு 3,258 ரூபாய் 9 சக்கரம் 12 காசு. மகாராஜா கொடுத்தது 1,017 ரூபாய். மிச்சம் ஜனங்கள் போட்டது. காசு வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது. பளுவின் இழுப்பில் ஓடுகிற கடிகாரம் அது. கோபுரம் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. ஆள் ஏறிச் சாவி கொடுத்தால்தான் மணி அடிக்கும்.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. எங்கள் ஊர்க்கூடம் ஊரில் எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. வரி கொடுத்த சாதிக்காரர்களின் கூடம் அது. அடுத்த தெருக்காரர்களுக்கு வேறு கூடம்; கூடமே இல்லாத தெருவும் இருந்தது. தேங்காய் வெட்ட ஏறியவர் படிப்புரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூலியை முற்றத்தில் நின்றுதான் வாங்கிக்கொண்டு போவார். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்த நாடு இது. கோயிலுக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய 1936 நவம்பரில் பிரகடனம் வர வேண்டியிருந்தது. பாட்டா நல்லவர்தான். ஆனாலும் அந்தச் சாவி எல்லோருக்கும் கதவு திறந்ததில்லை.

அதனால்தான் அரசாங்கப் பணத்தில் சமுதாய நலக்கூடம், பூங்கா என்று வரும்போதெல்லாம் நான் மனதாரச் சந்தோஷப்படுகிறேன். சாதி கேட்காத கூடம் ஒரு ஊருக்குச் சின்ன விஷயமில்லை. வழிகளும் இருக்கின்றன. 1997-98-இல் தொடங்கிய நமக்கு நாமே திட்டம் நடுவில் தன்னிறைவுத் திட்டமாகப் பெயர் மாறி, 2021-இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இடமென்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். பழைய ஊர்வரிதான், கூடவே சர்க்காரும் பங்கு போடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி. அது நீடித்து நிற்கும் சொத்து உண்டாக்கத்தான். அன்றாடச் செலவுக்கு அதில் கை வைக்க முடியாது.

நிலத்துக்கும் விதி இருக்கிறது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கென்று தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பணமாகக் கட்டித் தப்ப வழியில்லை. எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் பிளாட் ஆகிக்கொண்டே இருக்கின்றன. ஈத்தாமொழி நெட்டை என்று புவிசார் குறியீடு வாங்கிய தென்னை இது. அதன் தூரைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் கல் நடுகிறார்கள். தோப்பு போகிறது, சரி. அந்தப் பத்தில் ஒரு பங்காவது பிள்ளைகளுக்கு நிற்க வேண்டாமா?

போன வருஷம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு பூங்காவுக்குப் போனேன். இடத்தின் பேர் வேண்டாம். சுற்றுச்சுவர் இருந்தது, பேர்ப்பலகை இருந்தது, கேட்டில் பூட்டும் இருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால் சறுக்குப் பலகையின் இரண்டாம் படி உப்புக்காற்றில் அரித்து இற்றுப்போய்க் கிடந்தது. நட்ட கன்றுகளில் மிச்சம் மூங்கில் கம்பு மட்டும். “சாவி யாருட்ட இருக்கு பாட்டா?” என்றாள். நாலு வீட்டில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அந்த நாலு வீட்டுக்காரர்களும் அந்தப் பூங்காவுக்கு உரிமைப்பட்டவர்கள்தான்.

பெரிய ஊர்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1970-களில் பராமரிப்பில்லாமல் பாழாய்க் கிடந்தது. 1980-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கி, நன்கொடை திரட்டி, தோட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து மீட்டார்கள். இன்றும் அதன் செலவில் பெரும்பகுதி அந்த அமைப்பு திரட்டும் பணம்தான். நம் நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, 52 வார்டு. அங்குள்ள வேப்பமூட்டுப் பூங்கா சின்ன வயதில் எங்களுக்குத் தீபாவளித் துணி எடுத்துவிட்டுப் போய் உட்காரும் சொர்க்கம். வார்டுக்கொரு பூங்கா வேண்டுமென்று கேட்கத்தான் வேண்டும். கேட்கிற மனுவிலேயே தண்ணீர் ஊற்றுகிறவரின் சம்பளத்தையும் எழுதிக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் நான் எழுந்து இதைத்தான் சொன்னேன். பூட்டிக் கிடக்கும் அந்தப் பூங்காவின் சுவரோரம் பத்து மூடு நெட்டை வைப்போம், வருகிற தேங்காயை ஏலம் விட்டு அங்கேயே செலவழிப்போம் என்று. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: “அண்ணாச்சி, நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆவும். அதுவரைக்கும் யாரு வெள்ளம் கோருவா?” நியாயமான கேள்வி. தேங்காய் வெட்ட ஏறிய அந்த மனிதரின் பேத்தி அவர். கடைசியில் வீட்டுக்கு மாசம் 50 ரூபாய் என்று பேசி முடிவானது. கணக்கு நோட்டை அவரே வாங்கிக்கொண்டார், பூங்காச் சாவியையும்.

முதல் மாசம் பதினொரு வீடு கொடுத்திருக்கிறது. கன்றுகள் எங்கள் கிணற்றடியில் முளைவிட்டு நிற்கின்றன. மழை விட்டதும் குழி எடுக்க வேண்டும்.