அளந்து பேசுகிறவர்

காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடலாமே என்றோ வேண்டாம் என்றோ உடனே பதில் வந்தால் அவர் நம்மைப்போல ஒரு சாதாரண ஆள். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி, கோப்பு மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வரும்வரை காத்திருக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்து, கடைசியில் "அரை டம்ளர்" என்று சொன்னால் சந்தேகமே வேண்டாம். பேச்சைத் தவமாக எடுத்துக்கொண்டவர் ஒருவர் உங்கள் எதிரில் இருக்கிறார்.

அந்த இடைவெளியில் உள்ளே மூன்று கேள்விகள் ஓடுகின்றன. சொல்லப்போவது உண்மையா? தேவையா? இதமா? மூன்றிலும் தேறினால்தான் சொல் வெளியே வரும். இந்த மூன்று சல்லடைகளையும் கொடுத்தவர் சாக்ரடீஸ் என்று ஒரு நாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். அடுத்த வாரம் அதே வாசகம், அதே தாமரைப் பின்னணி, ஆனால் புத்தர். மூன்றாவது வாரம் ஒரு சூஃபி ஞானி. முதல் சல்லடையே உண்மையா என்பதுதானே, இதையே அதில் ஒரு தடவை போட்டுப் பார்க்கக்கூடாதா என்று மருமகன் ஒருவன் குழுவில் கேட்டான். அவனுக்குக் கூப்பிய கை ஒன்று பதிலாக வந்தது. கூடவே ஒரு குரல் பதிவும். பதினோரு நிமிடம்.

இந்த வகையினர் பெரும்பாலும் ஆண்கள், அறுபதைத் தாண்டியவர்கள். முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவருடம் சொல்லின் வலிமையைக் கண்டுபிடித்தவர்கள். பெண்களில் இந்த வகை அரிது. கல்யாணமான நாளிலிருந்து அளந்தே பேச வேண்டியிருந்தவர்களுக்கு அது ஒரு ஆன்மிக சாதனையாகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் பெரியவர் வங்கியில் கிளை மேலாளராக இருந்தவர். அவருக்கு இது ஒரு பத்து நாள் விபாசனா முகாமில் தொடங்கியது. கோயங்கா முறையில் நடக்கிற அந்த முகாம்களில் விடியற்காலை 4 மணிக்கு எழுப்பும் மணி அடிக்கும். செல்போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சைகைகூடக் காட்டக்கூடாது. பத்தாம் நாள்தான் மௌனம் கலையும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் மனமுவந்து கொடுப்பதில்தான் எல்லாம் நடக்கிறது. இதெல்லாம் விளையாட்டில்லை. அத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தான் வழக்கமாக எவ்வளவு வெட்டிப்பேச்சு பேசுகிறோம் என்பது எந்த மனிதனுக்கும் உறைக்கும். இவருக்கும் உறைத்திருக்கிறது. பத்து நாள் காத்த அந்த மௌனத்தைப் பற்றித்தான் பத்து மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

புத்தர் எண்வழியில் பேச்சுக்கென்று தனியாக ஒரு வழியையே ஒதுக்கினார். பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு நான்கையும் விடச் சொன்னார். நம் பெரியவர் பொய் சொல்ல மாட்டார். அதை முன்பும் சொன்னதில்லை. கடுஞ்சொல்லையும் கொஞ்சம் குறைத்திருக்கிறார். வீண்பேச்சு கூடாது என்பதை மட்டும் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து அவரால் சொல்ல முடிவதில்லை. கோள் விஷயத்தில்தான் அவருடைய சாதனை ஒரு தனி உயரத்துக்குப் போயிருக்கிறது. சாயங்காலம் மொட்டைமாடியில் நடக்கும்போது மெல்லப் பக்கத்தில் வருவார்.

"மூணாவது மாடிப் பையனப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். சொன்னா அது புறங்கூறலாயிடும்."

நாம் சும்மா நடந்துகொண்டிருப்போம்.

"ரெண்டு மாசமா வேலைக்குப் போறதில்லை. அவ்வளவுதான். தீர்ப்பு சொல்லலை. கவனிச்சேன். கவனிக்கிறது தப்பில்லையே?"

பழைய நாளில் வம்பு பேசுகிறவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. "உனக்கு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். கேட்கிறவனும் சேர்ந்து பாவத்தில் பங்கெடுத்துக்கொள்ளலாம். இவர் பேசிமுடிக்கும்போது பாவம் முழுக்க நம் கணக்கில் ஏறியிருக்கும். அவர் கவனித்ததோடு சரி.

தன் சொல்லைச் சலிக்கிற கை நாளாவட்டத்தில் பக்கத்து வீட்டாரின் சொல்லையும் சலிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதுதான் இந்த வகையின் முக்கியமான அடையாளம் என்று நினைக்கிறேன். தெருமுனை டீக்கடையில் ஆட்டோக்காரர் ஒருவர் கிரிக்கெட் தேர்வுக்குழுவைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கருத்தில் ஒரு சொல் கொஞ்சம் காரம். நம்மவர் தோளைத் தொட்டு, "அந்த வார்த்தை தேவையா தம்பி? ஒரு மூச்சு விட்டுட்டு யோசிங்க" என்றார். ஆட்டோக்காரர் உண்மையிலேயே ஒரு மூச்சு விட்டார், யோசித்தார், பிறகு அதைவிடப் பொருத்தமான வேறொரு சொல்லைச் சொன்னார். டீ மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை மௌன விரதம். குருவுக்கு உகந்த நாள் என்று அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். காந்தி திங்கட்கிழமைகளில் பேசமாட்டார் என்பதையும், 1947 ஜூன் 2 திங்கட்கிழமையாகப் போனதால் பிரிவினைத் திட்டத்தைச் சொல்ல அழைத்த மவுன்ட்பேட்டனுக்கே பழைய உறைகளின் பின்பக்கத்தில்தான் பதில் எழுதிக்கொடுத்தார் என்பதையும் புதன்கிழமை இரவே எல்லோருக்கும் நினைவூட்டிவிடுவார். தேசம் இரண்டாகிற விஷயத்தையே சில துண்டுக் காகிதங்களில் முடித்தார் காந்தி. இவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு மூன்று வியாழக்கிழமைக்கு மேல் வருவதில்லை. நூலில் கட்டிய ஜெல் பேனா அதன் முதுகில் தொங்கும். ஒரு தடவை அதைப் புரட்டிப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. ஒரு பக்கத்தில் இருந்தது இவ்வளவு: "சாம்பாரில் உப்பு இல்லை. குறை சொல்லவில்லை. தகவல்." அதன்கீழ்: "அப்பளத்துக்கும் சாம்பாருக்கும் சம்பந்தமில்லை. ஏன் டொக்கென்று வைத்தாய்?" அதன்கீழ், அடிக்கோடிட்டு: "இது கோபம் இல்லை."

மேல்தொட்டி நிரம்பி வழிந்த அன்றும் வியாழக்கிழமைதான். முதலில் பார்த்தவர் அவர். கை தட்டினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களுக்கு இரண்டு கையையும் உயர்த்தி, கீழே கொட்டுவதுபோல் காட்டினார். மழை வரப்போகிறது என்று இரண்டாவது மாடியில் துணி எடுத்தார்கள். வாட்ச்மேன் கும்பிட்டுவிட்டுப் போனார். கடைசியில் மோட்டாரை நிறுத்தியது பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சின்னப் பெண். ஐயா ஏன் "மோட்டார்" என்று கத்தவில்லை என்று அவள் கேட்டதற்கு நோட்டில் ஒன்றரைப் பக்கம் பதில் கிடைத்தது.

அவர் மனைவி தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாற்றத்தால் வீட்டில் ஏதாவது பலன் உண்டா என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். "உண்டு. கத்துறது குறைஞ்சிருக்கு. முன்னெல்லாம் பால்காரர் லேட்டா வந்தா வாசல்லயே கச்சேரிதான். இப்ப கண்ண மூடி மூச்சு இழுக்கிறாரா, திறக்கிறதுக்குள்ள அந்த ஆள் அடுத்த வீட்டுக்குப் போயிடறாரு." பிறகு கொஞ்சம் யோசித்து, "என்கிட்டயும் மூச்சுதான் விடுறாரு. அதுக்குக் கத்தினதே தேவலாம். கத்தினா என்ன தப்புன்னாவது தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

அந்த அம்மா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இவர் மூன்று விநாடி கண்ணை மூடியிருக்கிறார். அந்த மூன்று விநாடியே போதாதா? அதற்குமேல் "உண்மையைச் சொல்லணும்னா" என்று வேறு ஆரம்பித்திருக்கிறார். அந்த அம்மா இடைமறித்துச் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார். "இனியவை கூறல் பத்தாவது அதிகாரம். புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் பத்தொன்பது, இருபது. மூணையும் இல்லறவியல்ல வச்சாரு வள்ளுவர். வாய்மை முப்பதாவது. அது துறவறவியல்ல இருக்கு. குடும்பம் நடத்துறவன் எதை முதல்ல படிக்கணும்னு அவருக்குத் தெரியும்."

உரைகாரர்கள் யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் மறுக்கவும் தோன்றவில்லை.

போன வியாழக்கிழமை அந்த அம்மாவும் விரதம் என்று அறிவித்துவிட்டார். அவரிடம் நோட்டு இல்லை, பேனா இல்லை, சைகையும் இல்லை. பெரியவர் காலையில் "மூக்குக்கண்ணாடி?" என்று எழுதி நீட்டினார். அவர் வாங்கிப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். "பி.பி. மாத்திரை எந்த டப்பா?" அதுவும் படிக்கப்பட்டது. "இது முறையா?" என்பதும். பத்தே முக்காலுக்கு சிலிண்டர் வந்தது.

"சார், ஓ.டி.பி. சொல்லுங்க."

கேஸ் இணைப்பு அந்த அம்மா பேரில். நம்பர் அவர் செல்லுக்குத்தான் வரும். பெரியவர் அவசரமாக நோட்டில் "மௌனம்" என்று எழுதிக் காட்டினார்.

"அது நம்பரா இருக்கும் சார்."

மறுபடி எழுதப் போனார், ஜெல் பேனா எழுதவில்லை. உதறினார். சிலிண்டர்காரர் அடுத்த தெருவில் இன்னும் எட்டு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிலிண்டரை மறுபடி உருட்டத் தொடங்கினார். அவ்வளவுதான். "ஏய், அந்த நம்பரச் சொல்லித் தொலையேண்டி!" என்று கிளம்பிய குரல் எங்கள் வீட்டு சமையலறை வரை கேட்டது. மேலாளராக இருந்த காலத்துக் குரல், துரும்பளவும் தேயவில்லை. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, செல்லைத் திறந்து, திரையைச் சிலிண்டர்காரர் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் பெரியவர் அதை விளக்கினார். அது கோபமில்லையாம், வெறும் ஒலி அளவுதானாம். அந்த அம்மா விரதத்தை இரவு எட்டு மணிக்கு முடித்துக்கொண்டு முதலில் பேசியது என் மனைவியிடம்.

"நல்லாத்தான் இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் இருக்கலாம்னு பாக்கறேன்."