கல்யாண மண்டபத்தில் ஒயிட் பேலன்ஸ்: வேட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரே கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகூர்த்தத்தில் ஆரஞ்சாகவும் பந்தியில் பச்சையாகவும் வாசலில் நீலமாகவும் காட்சியளிப்பது ஏன் என்னும் வினாவை அறிஞர் உலகம் இதுகாறும் கண்டுகொள்ளவில்லை. பிறர் கண்டுகொள்ளாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி முனைவர் பட்டம் கைக்கு வந்த மாதிரி. மீதிப் பாதிக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இயல் 1: ஒளிகளின் பாகுபாடு

மண்டபத்து ஒளி ஐந்து வகைப்படும். நான்காகவோ ஆறாகவோ இருக்கலாமே என்று கேட்கக்கூடாது. ஐந்தாகப் பிரிக்காத தமிழ் ஆய்வேட்டை பைண்டிங் கடைக்காரர்கூட நம்பி வாங்கமாட்டார். முதலாவது, குத்துவிளக்கும் ஹோமத் தீயும்: ஏறத்தாழ 1900 கெல்வின். அடுத்தது மேடையின் ஹாலஜன், 3200 வாக்கில். மூன்றாவது சன்னல் வழியே வரும் பகல் வெயில், 5500. நான்காவது சாப்பாட்டுக் கூடத்து டியூப்லைட். டப்பாவில் 6500 என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கெல்வினை மட்டும் திருப்பினால் படத்தில் பச்சை தங்கிவிடும். அந்த ஒளியில் பச்சை துருத்திக்கொண்டு நிற்பதால், டின்ட் என்னும் தனிப் பட்டையை மெஜந்தா பக்கம் இழுத்தாக வேண்டும். ஐந்தாவது, வீடியோக்காரர் தூக்கிப் பிடிக்கும் எல்இடி. அது முகத்துக்கு நேரே வந்தபின் மற்ற நான்கையும் பற்றிப் பேசிப் பயனில்லை.

இயல் 2: கெல்வின் கொள்கை

இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அப்புறம் வெளுக்கும். நீலம் பாரிக்கும் வரை காய்ச்சலாம் என்றால் அதற்குள் இரும்பு மிஞ்சாது. எனவே கணக்குக்காக ஒரு கரும்பொருளைக் கற்பித்துக்கொண்டார்கள். அது எந்த நிறத்தில் ஒளிர எவ்வளவு சூடு வேண்டும் என்பதே கெல்வின் எண். ஆகவே நீல ஒளிக்குப் பெரிய எண், மஞ்சள் ஒளிக்குச் சின்ன எண். ஆனால் கேமராவின் ஒயிட் பேலன்ஸில் அந்த எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகிறது! ஒளி நீலம் என்று நாம் புளுகுகிறோம். கேமரா அதை நம்பி, மஞ்சளைக் கொட்டிச் சரிக்கட்டுகிறது. கெல்வின் பிரபு 1907இல் காலமாகிவிட்டதால் அவரிடம் விளக்கம் கோர இயலவில்லை.

இயல் 3: வேட்டி

படம் திருத்தும் மென்பொருளில் ஐட்ராப்பர் என்று ஒன்று உண்டு. நிறச்சாய்வு இல்லாத ஓர் இடத்தை அதனால் தொட்டால், அங்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சமமாக்கி, அதே கணக்கில் முழுப் படத்தையும் திருத்தும். முறைப்படி இதற்கென 18 சதவீதச் சாம்பல் அட்டையை மாப்பிள்ளை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அப்படி எதையாவது நீட்டிய போட்டோகிராபருக்குச் சாப்பாடு கிடைக்காது (பெண்ணின் பெரியத்தை, வாய்மொழி). எனவே அவர் வேட்டியைத் தொடுகிறார். துறையின் சிக்கல்கள் யாவும் இங்கேதான் தொடங்குகின்றன.

வேட்டி வெள்ளையன்று. புது வேட்டியில் ஏற்றிய வெளுப்பூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. வீட்டில் துவைத்ததோ சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது. இவ்விரண்டில் எதைத் தொட்டாலும் மென்பொருள் நீலத்தைக் குறைக்கும். மண்டபமே மஞ்சள் பூசிக்கொள்ளும். மணமகளுக்கு ஏற்கெனவே பூசியாயிற்று. பீரோவில் கிடந்து பழுத்த வேட்டி இதற்கு நேர்மாறு. தாத்தாவின் மடியில் ஐட்ராப்பரை வைத்தால் குடும்பம் மொத்தமும் குளிரில் விறைத்தாற்போல நீலம் பாய்ந்து நிற்கும். பட்டு வேட்டி சந்தன நிறம். அதைத் தொடுவோர் புலமையற்றோர்.

எந்த வேட்டி மூலம் என்பதில் இரு பள்ளிகள் உள. சலவைக்கடை வேட்டியே மூலம் என்பர் நீலப் பள்ளியார் (மாப்பிள்ளையின் சித்தப்பா, ஆல்பத்து ஓரத்தில் பென்சில் குறிப்பு). அந்தச் சித்தப்பாவே பேன்ட் போட்டுக்கொண்டுதான் வந்தார் என்று சான்று காட்டுவர் பழுப்புப் பள்ளியார் (பெண்ணின் தாய்மாமன், மேற்படி குறிப்பை எச்சில் தொட்டு அழித்து அதே இடத்தில் பேனாவால் எழுதியது, பாயசக் கறையால் கடைசி இரு சொற்கள் சிதைந்துள்ளன). சிதைந்த சொற்கள் "சுத்தப் பொய்" என்பது ஒரு சாரார் பாடம். "சர்க்கரை கம்மி" என்பது மறுசாரார் பாடம் (பந்தி விசாரித்தவர், மூன்றாம் பந்தி எழுந்து நான்காம் பந்தி உட்காருமுன், இலை எடுப்பவர் வழியாகச் சொல்லியனுப்பியது, அதை இவ்வாய்வாளர் நேரில் கேளாது நண்பரிடம் கேட்டு, நண்பர் மறந்துபோனமையால் ஊகித்துக்கொண்டது). ஒரு பள்ளியார் திருத்திய படத்தை மறுபள்ளியார் பார்த்ததேயில்லை. படிக்காமலே மறுப்புரை எழுதும் ஆற்றல் நம் கருத்தரங்குகளுக்குப் புதிதன்று.

இயல் 4: ஷாமியானா

பந்தலைப் பிரித்துவிட்டபடியால் ஆராயப்படவில்லை.

இயல் 5: மூலபாடம்

மண்டபத்தில் சாப்பிட்ட எவரும் டியூப்லைட்டடியில் வேட்டியைப் பச்சையாகப் பார்க்கவில்லை. ஒளிக்கேற்பக் கண் தன் மூவகைக் கூம்புகளின் உணர்திறனையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்று 1902இல் ஃபான் கிரீஸ் கணக்குச் சொன்னார். கேமரா செய்வதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால் கண்ணைப் போல மண்டபத்து ஒளியில் உட்கார்ந்து பழகிக்கொள்ள கேமராவால் முடியாது, அவ்வளவே.

சென்சார் பதிந்ததை ரா ஃபைல் அப்படியே வைத்திருக்கும். ஒயிட் பேலன்ஸ் அதில் ஓரக்குறிப்பு மட்டுமே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஜேபெக்கில் அந்தக் குறிப்பு படத்தோடு வெந்துபோயிருக்கும். ஏட்டுச்சுவடியைக் கண்ணால் காணாமல் மலிவுப் பதிப்பை வைத்துக்கொண்டே "இது இடைச்செருகல்" என்று தீர்ப்பெழுதுவோர் உண்டு. ஜேபெக்கை வைத்து மணமகளின் நிறத்தைத் தீர்மானிப்போர் அவர்தம் மாணாக்கர்.

அந்த நிறத்தைப் பற்றி எல்லாப் பள்ளியாரும் ஒன்றுபடும் இடமும் உண்டு: "இன்னும் கொஞ்சம் கலராக் காட்டுங்க தம்பி" (மாப்பிள்ளையின் தாயார், டிசைனரின் தோளுக்குப் பின்னாலிருந்து, மும்முறை). இது கெல்வினுக்குள் அடங்காது. டிசைனர் பிரகாசத்தை ஏற்ற, பெண்ணின் மூக்கு காணாமற்போயிற்று. மூக்குத்தி மட்டும் தனியே நிற்கும் அந்தப் படமே ஆல்பத்தின் அட்டையில் உள்ளது.

தேர்வாளர் கவனத்துக்கு: அச்சுத் துறை வண்ணம் பார்ப்பதற்கு வகுத்த நியமம் 5000 கெல்வின் ஒளி. இவ்வாய்வேட்டை அவ்வொளியில் மட்டுமே திருத்த வேண்டும். டியூப்லைட்டடியில் இட்ட மதிப்பெண்கள் செல்லா.