குழாய் பிறந்த வருஷம்

1955ஆம் வருஷத்தை உலகம் ஏதேதோ பெரிய காரணங்களுக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. ஏப்ரலில், சால்க்கின் போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். ஆறாவது நாள் ஐன்ஸ்டைன் போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்தில் லூயி எஸ்ஸென் என்பவர் சீசியம் அணுக் கடிகாரம் செய்தார். 300 வருஷத்துக்கு ஒரு விநாடிதான் பிசகுமாம். அதை ஆவடி ஸ்டேஷனில் மாட்டாமல் விட்டாரே, புண்ணியவான்! அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி கம்பியில்லாத டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தது. ஒளியால் வேலை செய்யும் சாமான், வெயில் பட்டாலே சேனல் மாறிவிடும். பூந்தமல்லி வெயிலுக்கு என்ன ஆட்டம் ஆடியிருக்குமோ. நல்லவேளை, மெட்ராஸுக்கு டிவி வர 1975 ஆயிற்று.

நம்ம ஊர் 1955 ஜனவரியிலேயே களைகட்டிவிட்டது. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் என்னவோ தேபர்தான், ஜனங்களின் கண்ணெல்லாம் நேரு மேல். முதலமைச்சர் காமராஜர். சோஷலிச பாணியில் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டுவிட்டு எல்லோரும் ரயிலேறினார்கள்.

பந்தல்கால் பிடுங்கிய குழி தூர்ந்ததோ இல்லையோ, அதே வருஷம் அதே ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா முளைத்தது. முதல் போட்டது முருகப்பா குழுமம், கூட்டு வெள்ளைக்காரனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். சோஷலிசம் கிரகப்பிரவேசம் செய்த வீட்டுத் திண்ணையில் செட்டிநாட்டு வியாபாரம் பாய் விரித்துவிட்டது! கோபித்து என்ன செய்ய? எஃகுத் தகட்டை உருட்டி, விளிம்பை ஒட்டினால் குழாய். குழாய்களை முக்கோணமாகச் சேர்த்தால் சைக்கிள். பக்கத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்கெனவே ஹெர்குலிஸ் செய்துகொண்டிருந்தது. தீர்மானத்தில் ஏறி யாரும் வேலைக்குப் போக முடியாது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று நேரு மறுபடி வந்து பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ராட்டை சுற்றியவரின் பிறந்தநாளில் ராட்சச இயந்திரங்களுக்குப் பூஜை. யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரென் கம்பெனி கற்றுக்கொடுத்தபடி முழுக்க எஃகில் பற்றவைத்த ரயில் பெட்டிகள். மோதினாலும் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடாத அமைப்பு. பெட்டிக்குள் ஒரு பயணி இன்னொரு பயணிக்குள் புகுவதைத் தடுக்கத்தான் ஸ்விஸ்காரனிடமும் வித்தை இல்லை.

என்னைக் கேட்டால், அந்த வருஷத்தில் ஆவடிப் பக்கம் உருப்படியானவை குழாயும் பெட்டியும்தான். தீர்மானத்தை 1991இல் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் சத்தமில்லாமல் கரைத்துவிட்டார்கள். ஷ்லீரென் பாணிப் பெட்டியின் உற்பத்தி ஐ.சி.எஃப்.பில் நின்றது 2018 ஜனவரியில்தான்.